எடை, நிறம், வளரும் உடம்பு: பிள்ளைகளிடம் பேசுவது எப்படி? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

உடற்கல்வி ஆசிரியர்:
பள்ளியில் உயரமும் எடையும் எடுக்கும் நாளில்தான் பல பட்டப்பெயர்கள் பிறக்கின்றன. ஆசிரியர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, "அம்பத்தெட்டாம்டா!" என்று வரிசை முழுக்கப் பரவிவிடும். எடைக்கருவியை அறைக்குள் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். எண்ணை நீங்களே அட்டையில் எழுதுங்கள், வகுப்புத் தலைவனிடம் விடாதீர்கள். விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது தலைவர்களை ஆள் எடுக்கவிட்டால் கடைசியில் நிற்பது எப்போதும் அதே இரண்டு பேர்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிப் பிரித்தால் அந்த வலி இல்லை. "குண்டா இருக்கே, கூட ரெண்டு ரவுண்டு ஓடு" என்பதையும் தயவுசெய்து விடுங்கள். ஓட்டம் தண்டனையாகிவிட்டால் அந்தப் பிள்ளை மைதானத்துக்கே வராது.

குழந்தைகள் நலச் செவிலியர்:
"திடீர்னு குண்டாயிட்டா" என்று 10, 11 வயதுப் பெண் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பருவமடையும் காலத்தில் பலருக்கு எடை முதலில் ஏறும், உயரம் பின்னால் வரும். உயரம் வேகமாகக் கூடுவது பெண்களுக்குச் சுமார் 12 வயதில், ஆண்களுக்குச் சுமார் 14 வயதில். அந்த நேரத்தில் சோற்றை வெட்டினால் எலும்புக்கு வேண்டியது கிடைக்காமல் போகும். ஒரு நாள் எடையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியின் வளர்ச்சி வரைபடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். பிள்ளையின் கோடு சட்டென்று மேலேயோ கீழேயோ தாவினால் மருத்துவரிடம் காட்டலாம்.

இன்னொன்று, கழுத்துக் கருமை. "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கலை" என்று திட்டிப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் மாதிரி கறுத்தால் அது அழுக்கு அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிந்து இன்னும் கறுக்கும், பிள்ளையும் தன்னை அசிங்கம் என்று நம்பிவிடும்.

ஆண் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்புக் காம்பின் அடியில் கொஞ்சம் வீக்கம் வரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். இது தெரியாத பையன் கூன் போட்டு நடப்பான், நீச்சலுக்கு வர மறுப்பான். அப்பாவோ மாமாவோ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

தையல்காரர்:
யூனிஃபார்மை வயது பார்த்து எடுக்காதீர்கள். மார்பு, இடுப்பு அளவை டேப் வைத்து எடுங்கள், அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொன்னால் நடு வருடத்தில் பிரித்துவிடலாம். இறுகிய சட்டை நாள் முழுக்கப் பிள்ளைக்கு உடம்பை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

மனநல ஆலோசகர்:
கல்யாண வீட்டில் அத்தை, "என்ன புள்ள இப்படிக் கறுத்துப்போச்சு" என்றதும் அம்மா அவசரமாக, "வெயில்ல ஆடுறா, போயிடும் அத்தை" என்பார். தன் நிறம் போக வேண்டிய ஒன்று என்றே பிள்ளைக்குப் புரியும். அதற்குப் பதில் அங்கேயே, அவள் காதில் விழும்படி, "எங்க வீட்டு நிறமே இதுதான் அத்தை. இவ கோ-கோ டீம்ல இருக்கா, கேளுங்க" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். வீட்டுக்கு வந்து தனியாகச் சமாதானம் சொல்வது மட்டும் போதாது. அங்கே நீங்கள் பேசாமல் நின்றதைத்தான் அவள் பார்த்திருப்பாள்.

மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் சில சிவப்பழகு க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். சில வாரம் முகம் தெளியும், பிறகு தோல் மெலிந்து பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் கூடும் என்பதால் தோல் மருத்துவரைப் பார்த்தே நிறுத்துங்கள்.

சாப்பாட்டில் என்ன, எப்போது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையின் பசிக்கு விடுங்கள். சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவது, டிபன் பாக்ஸ் தினமும் அப்படியே திரும்புவது, வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நிற்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.