ரத்த கல்ச்சரில் தோல் கிருமி: இரவுப் பணியில் மட்டும் ஏன்?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஏப்ரல் முதல் ரத்த கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) நூற்றுக்கு ஆறு மாதிரியில் தோல் கிருமி கலந்து வருகிறது. 3 சதவீதம் தாண்டக் கூடாது என்பதுதான் வழக்கமான அளவுகோல். அப்படிக் கலந்ததை உண்மையான தொற்று என்று நினைத்து, சென்ற வாரம் ஒரு பாட்டிக்கு மூன்று நாள் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வீணாக ஏறியது.

ஊசி குத்தும் இடத்தில் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால் (கிருமிநாசினி) தேய்த்து 30 விநாடி உலர விடுகிறோம். பாட்டில் ரப்பரையும் துடைக்கிறோம். கேனுலாவிலிருந்து (மருந்து ஏற்றப் போட்டிருக்கும் குழாய்) ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டோம். பகலில் குறைந்தது, இரவில் குறையவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி விரலால் தடவி நரம்பு தேடுவதை நானே பார்த்தேன். சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள்!

தோல் கிருமி சேர்ந்து வரக்கூடிய முதல் 1–2 மில்லி ரத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பாட்டிலை நிரப்பும் முறையை, விலை கூடிய தனிக் கருவி இல்லாமல் யாராவது செய்கிறீர்களா, எப்படி?