முன்னால் போகிறவர்கள் நிற்பதே இல்லை: மலையேற்றக் குழுவை எப்படிச் சேர்த்து நடத்துவது?

கேள்வி:
எங்கள் பல்கலைக்கழக மலையேற்றக் குழுவுக்கு இந்த ஆண்டு நான் பொறுப்பு. வருகிறவர்களில் பாதிப்பேர் முதலாமாண்டு. ஓட்டப்பந்தயக்காரர்கள் சிலர் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுகிறார்கள். பின்தங்கியவர்கள் மறுமுறை வருவதே இல்லை. உடற்தகுதித் தேர்வு வைத்து ஆள் எடுக்கலாமா?

முதல் பதில்:
இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வேகமானவர்களுக்கு நீளமான பாதை, மற்றவர்களுக்குக் குறுகியது. சண்டை தீர்ந்தது.

இரண்டாம் பதில்:
பிரிக்கலாம், பாதையும் வானிலையும் தெரிந்த வழிகாட்டிகள் இருவர் இருந்தால். பெரும்பாலான மாணவர் குழுக்களில் ஒருவர் கிடைப்பதே அரிது. தேர்வு வேண்டவே வேண்டாம். அது மலையேற்றக் குழுவைத் தடகள அணியாக்கிவிடும்.

நான் குழு நடத்திய காலத்தில் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். முன்னால் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வில்லை! எனக்கு இதைப் பார்த்தாலே கோபம் வரும். ஆகவே ஒரே விதி: கடைசி ஆள் பையை இறக்கிய பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். இதைச் செய்தாலே ஓடுகிறவர்களுக்கு ஓடுவதில் லாபமில்லை என்று புரிந்துவிடும்.

நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது 10 கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்றரை மணி. இதில் ஓய்வு சேராது. பழகிய கால்களுக்கான கணக்கும்கூட. புதியவர்கள் இருந்தால் நான் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்வேன். பிறகு சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும் முன்பே அறிவித்துவிடுங்கள். சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்போது, திரும்பலாம் என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வரிசையின் கடைசி ஆளாக நடக்க யாரும் முன்வருவதில்லையே?

இரண்டாம் பதில் எழுதியவர்:
கேட்காதீர்கள், நியமியுங்கள். அதுவும் குழுவிலேயே வலுவான ஆளை. முதலுதவிப் பையும் விசிலும் அவரிடம் இருக்கட்டும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. முன்னால் செல்பவர் ஒவ்வொரு பிரிவுப் பாதையிலும் இந்தக் கடைசி ஆள் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். கடைசி ஆளாக முதல்முறை உங்கள் ஓட்டப்பந்தயக்காரர்களில் ஒருவரையே போடுங்கள்.