டெலிகாம் வேலையும் ஸ்பான்சர் விசாவும்: எங்கே தேடுவது, எதை ஒதுக்குவது

போன மாதம் மட்டும் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, டெலிகாமில் எட்டு வருட அனுபவம் இருக்கிறது. ஸ்பான்சர் பண்ணும் கம்பெனி ஏதாவது தெரியுமா?" தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் தெரிந்ததை எல்லாம் இங்கேயே கொட்டிவிடுகிறேன். நான் டிரான்ஸ்மிஷன் ஆள், அதாவது டவர்களையும் எக்ஸ்சேஞ்சுகளையும் இணைக்கும் லிங்க்குகள் என் வேலை. மைக்ரோவேவ் லிங்க்கில் ஆரம்பித்து இப்போது ஐபி பக்கம் வந்திருக்கிறேன். பிரிட்டனில் ஸ்பான்சர் விசாவில் (வேலை கொடுக்கும் கம்பெனி பொறுப்பேற்று வாங்கித் தரும் விசா) இருப்பதால் அந்த ஊர்க் கதை கொஞ்சம் அதிகமாக வரும்.

முதலில், வேலைத் தளங்களில் 'விசா ஸ்பான்சர்ஷிப்' என்று போட்டுத் தேடுவதை விடுங்கள். ஸ்பான்சர் செய்கிற பல கம்பெனிகள் விளம்பரத்தில் அதைப் பற்றி மூச்சே விடுவதில்லை. அரசாங்கப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டனில் உள்துறை, உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் முழுப் பட்டியலையும் இலவசமாக வெளியிடுகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். எக்செலில் திறந்து 'டெலிகாம்', 'நெட்வொர்க்', 'ஃபைபர்', 'கம்யூனிகேஷன்ஸ்' என்று வடிகட்டினால் ஒரு மாலையில் உங்களுக்கான பட்டியல் கையில் இருக்கும். இரண்டு விஷயம் கவனியுங்கள். கடைசி நெடுவரிசையில் 'ஸ்கில்டு வொர்க்கர்' (நமக்கு வேண்டிய வேலை விசா) என்று இருக்க வேண்டும்; வேறு வகை விசாவுக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர்களும் அதே பட்டியலில்தான் வருவார்கள். தரம் 'ஏ' என்று இருக்க வேண்டும். 'பி' தரத்தில் இருப்பவர்களால் புதிதாக ஆள் எடுத்து ஸ்பான்சர் செய்ய முடியாது. இன்னொன்று, பட்டியலில் இருப்பது பதிவுப் பெயர். எல்லோரும் பி.டி. என்று சொல்லும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் பிரிட்டிஷ் டெலிகம்யூனிகேஷன்ஸ். விளம்பரப் பெயரை மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

நெதர்லாந்திலும் இதே மாதிரி அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர் பட்டியல் உண்டு. அயர்லாந்தில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை பெர்மிட் கொடுத்தார்கள் என்ற கணக்கே வெளியாகிறது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசா வாங்கித் தந்த கம்பெனிகளின் விவரத்தைக் குடியேற்றத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அங்கே ஆண்டுக்கு 85,000 விசா, அதற்கும் குலுக்கல், போதாததற்கு 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருகிற புதியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வேறு. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஜெர்மனியில் 'ஸ்பான்சர் உரிமம்' என்ற ஏற்பாடே கிடையாது. உங்கள் படிப்புக்குப் பொருந்திய வேலை, குறிப்பிட்ட சம்பளம், அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால் எந்தக் கம்பெனியும் எடுக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் 'அனாபின்' தளத்தில் (வெளிநாட்டுப் பட்டங்களின் அங்கீகாரத்தைக் காட்டும் ஜெர்மன் தளம்) எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது நம் துறைக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். டெலிகாமில் டவரில் மாட்டியிருக்கும் பெயர் ஒன்று, உங்களுக்குச் சம்பளம் போடுகிறவர் வேறொருவர். ஆபரேட்டர் எரிக்சனுக்கோ நோக்கியாவுக்கோ வேலையைக் கொடுப்பார், அவர்கள் ஒரு சர்வீஸ் கம்பெனிக்கு, அந்தக் கம்பெனி இன்னொரு துணை ஒப்பந்தக்காரருக்கு. இந்தச் சங்கிலியில் கீழே போகப் போக வேலை எளிதாகக் கிடைக்கும், விசா கிடைக்காது. நாள்கூலிக் கணக்கில் வரும் கான்ட்ராக்ட் வேலைக்கு யாரும் ஸ்பான்சர் தர மாட்டார்கள். பிரிட்டனில் விதியே இருக்கிறது: ஸ்பான்சர் செய்த ஆளை வேறொரு கம்பெனியின் அன்றாடப் பணியிடத்தை நிரப்ப வாடகைக்கு விடக் கூடாது. அதனால் நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எந்தக் கம்பெனி?" என்பதுதான். ஒரு முறை இதைக் கேட்காமல் மூன்று சுற்று நேர்காணல் முடித்தேன். கடைசியில் வந்த கடிதத்தில் கம்பெனி பெயரே வேறு. பட்டியலில் தேடினால் அப்படி ஒரு பெயரே இல்லை. ஆறு வாரம் வீண்.

எந்த வேலைக்கு வாய்ப்பு அதிகம்? என் கணிப்பில் பேக்கெட் கோர் (டேட்டாவைக் கையாளும் மைய நெட்வொர்க்), ஐபி எம்பிஎல்எஸ் (ரவுட்டர் நெட்வொர்க்), ஆப்டிகல் டிரான்ஸ்போர்ட், ஓஎஸ்எஸ் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள்), ஆட்டோமேஷன். கேபிள் இழுப்பது, ஸ்ப்ளைசிங், டவர் ரிக்கிங் போன்ற களப்பணிக்கு ஆள் தட்டுப்பாடு இருந்தாலும் விசா விதி பெரும்பாலும் தடுக்கும். பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் புதிதாக வருபவர்களுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலைகள்தான் பெரும்பாலும் தகுதி. விசாவுக்கு உங்கள் பதவிப் பெயர் முக்கியமில்லை, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் தொழில் குறியீடு அமையும். ஆஸ்திரேலியாவில் டெலிகாம் நெட்வொர்க் இன்ஜினியருக்கு 263312, டெலிகாம் ஃபீல்டு இன்ஜினியருக்கு 313212.

அதனால் சிவியில் 'நெட்வொர்க் சப்போர்ட் பார்த்தேன்' என்று எழுதாதீர்கள். என்னுடைய பழைய சிவியில் இருந்த வரி: 'மைக்ரோவேவ் லிங்க் பராமரிப்பு'. மாற்றி எழுதியது: 'பேக்ஹாலை மைக்ரோவேவிலிருந்து ஃபைபருக்கு மாற்றியபோது கட்ஓவர் திட்டமும் ரோல்பேக் திட்டமும் எழுதி, இரவு நேரத்தில் 40 சைட்டுகளை மாற்றினேன்'. (பேக்ஹால் என்றால் டவரை மைய நெட்வொர்க்கோடு இணைக்கும் லிங்க்; கட்ஓவர் என்றால் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது; ரோல்பேக் என்றால் சரிப்படாவிட்டால் பழையபடி திரும்புவது.) வேலை அதேதான். இரண்டாவதை எழுதிய பிறகுதான் போன் வர ஆரம்பித்தது.

விளம்பரத்தில் 'எஸ்சி கிளியரன்ஸ் (அரசின் பாதுகாப்புச் சோதனை) தேவை' என்று இருந்தால் கடந்து போய்விடுங்கள். பிரிட்டனில் அதற்குப் பொதுவாக 5 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். அரசுத் துறை, பாதுகாப்புத் துறை நெட்வொர்க் வேலைகளில் இது அடிக்கடி வரும்.

விசா விஷயத்தை எச்ஆரின் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஆஃபர் நேரத்தில் உடையும். படிப்பு முடித்துக் கிராஜுவேட் விசாவில் இருப்பவர்கள், "இப்போதைக்குத் தேவையில்லை, இந்தத் தேதிக்குப் பிறகு தேவைப்படும்" என்று தேதியோடு சொல்லுங்கள். அப்புறம், பிரிட்டனில் மாணவர் அல்லது கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குச் சம்பள வரம்பு குறைவு. பல எச்ஆருக்கே இது தெரியாது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பணம் கேட்டால் ஓடிவிடுங்கள். பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமக் கட்டணத்தையும் திறன் வரியையும் (வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் செய்யக் கம்பெனி கட்டும் வரி) தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. கனடாவில் எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை எடுக்கக் கம்பெனி வாங்கும் அனுமதி) கட்டணத்துக்கும் அதே விதிதான். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதை கண்டுபிடிக்கும் அடிப்படை முறை) பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒருவர் கோர் இன்ஜினியர் வேலை தருகிறார் என்றால், விற்கப்படுவது வேலை இல்லை.

கீழே கமெண்டில் வந்த கேள்விகளுக்கு:

கணவரின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் துணையாக வந்திருக்கும் தங்கைக்கு: உங்களுக்கு ஸ்பான்சரே தேவையில்லை, பிரிட்டனில் வேலை செய்ய உரிமை உண்டு. சிவியின் மேல் வரியிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

ஆறு வருடம் டிரைவ் டெஸ்ட் (வண்டியில் சுற்றி சிக்னல் அளப்பது) மட்டும் செய்த தம்பிக்கு: அதை வைத்துக்கொண்டு மட்டும் ஸ்பான்சர் தேடுவது கஷ்டம். கையில் இருக்கும் லாக் ஃபைல்களை பைத்தானில் படித்து, கால் டிராப் எங்கே, ஏன் என்று பகுத்துச் சொல்லப் பழகுங்கள். ஆப்டிமைசேஷன் பக்கம் நகர அதுதான் வாசல்.

வேலை போனால் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: வேறு ஸ்பான்சர் தேட அல்லது கிளம்ப அமெரிக்காவில் எச்-1பியில் அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனில் உள்துறைக் கடிதம் வந்த பிறகு பொதுவாக 60 நாள். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து 180 நாள். டெலிகாமில் ரோல்அவுட் (புது நெட்வொர்க் அமைக்கும் வேலை) முடிந்ததும் ஆட்களைக் குறைப்பார்கள் என்பதால், அந்த வேலை எந்தப் புராஜெக்டின் கணக்கில் வருகிறது என்று சேரும் முன்பே கேளுங்கள். ஸ்பான்சர் பட்டியலும் அடிக்கடி மாறும். விண்ணப்பித்த அன்று பெயர் இருந்தது என்று விட்டுவிடாமல், பழைய வேலைக்கு ராஜினாமா கொடுக்கும் அன்று காலையில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.