மார்க்கெட் டவுன்: சந்தை நகரமா, சந்தையூரா?

வணக்கம்.

சந்தை கூட்டும் உரிமை பெற்ற ஊரைக் குறிக்கும் 'மார்க்கெட் டவுன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'சந்தை நகரம்' போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தில், எசெக்ஸ் கவுண்டியின் வடமேற்கிலுள்ள சாஃப்ரன் வால்டன் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம்.

அங்கே சந்தை தானாகக் கூடிவிடவில்லை. பக்கத்து நியூபோர்ட்டில் கூடிவந்த சந்தையை 1141இல் வால்டனுக்கு மாற்றிக்கொள்ளும்படி ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபுவுக்குப் பேரரசி மெட்டில்டா பட்டயம் கொடுத்தார். ஓர் ஊர் பெற்றது, இன்னோர் ஊர் இழந்தது. அக்காலச் சட்டத்தில் சந்தை என்பது ஓர் உரிமை. பிராக்டன் பெயரால் வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சட்டநூல் இதற்குத் தூரக் கணக்கே சொல்கிறது. ஒரு நாள் நடை 20 மைல். அதில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வாங்கி விற்பதற்கு, ஒரு பங்கு பொழுது சாயுமுன் வீடு திரும்புவதற்கு. அந்த ஒரு பங்குத் தூரத்துக்குள் புதுச் சந்தை வைத்தால் பழைய சந்தைக்குக் கேடு. ஆகவே 'சந்தைப் பட்டயம்' என்ற சொல்லையும் சேர்த்தே ஆக்கவேண்டும் என்பேன்.

இனி, நகரமா ஊரா? சோழர் கல்வெட்டுகளில் 'நகரம்' வணிகர் குடியிருப்பையும் அவர்கள் சபையையும் குறித்தது. அந்தப் பொருளில் மிகப் பொருத்தமான சொல்தான். ஆனால் இன்று அதைப் படிப்பவர் மனத்தில் பெரிய பட்டணமே தோன்றும். 'சிட்டி' என்பதற்கும் அதையே எழுதிவருகிறோம். 'பேட்டை' என்றால் நகருக்குள் ஒரு பகுதி என்றாகிவிட்டது.

வால்டனின் பழைய பெயர் சிப்பிங் வால்டன். 'சிப்பிங்' பழைய ஆங்கிலத்தில் சந்தையைக் குறித்த சொல். சிப்பிங் நார்டன், சிப்பிங் கேம்டன் எல்லாம் அப்படி வந்தவையே. குங்குமப்பூச் சாகுபடி பெருகியபின்தான் முன்னொட்டு 'சாஃப்ரன்' ஆனது. அந்தச் சாகுபடி மறைந்துவிட்டது. செவ்வாயும் சனியும் இன்றும் சந்தை கூடுகிறது. சந்தையைப் பெயரிலேயே தாங்கிய ஊரைச் 'சந்தையூர்' என்பதுதான் இயல்பு.

அதே ஊரிலிருந்து தமிழாக்க இன்னும் இரண்டு சொற்கள். பழைய சன் விடுதிச் சுவரில் சுண்ணச்சாந்தால் புடைப்பாக உருவங்கள் செய்திருக்கிறார்கள். 'பார்ஜெட்டிங்' என்னும் இந்த வேலைக்குப் புதுச்சொல் எதற்கு? நம் கோபுரங்களில் இருப்பதும் சுதைதானே! 'சுவர்ச் சுதை' என்றே வைக்கலாம்.

ஊர்ப் பொதுவெளியில், புல்தரையில் வெட்டிய 'மேஸ்', அதாவது வளைந்து வளைந்து செல்லும் பாதையமைப்பு, ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள இவ்வகையில் அதுவே பெரியது. 'மேஸ்' என்பதற்குச் சொல்லும் 'புதிர்வழி' இதற்குப் பொருந்தாது. கிளைகளே இல்லாமல் ஏறத்தாழ ஒரு மைல் சுற்றிச்சுற்றி நடுவுக்குப் போகும் ஒரே பாதை அது. வழி தவற இடமில்லாததைப் புதிர் என்பது பிழை. 'புல்தரைச் சுழல்வழி' சரிவருமா? கோலக்கலை அறிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் தரக்கூடும், காத்திருக்கிறேன்.