ஒரு தாளை முழுக்க ஜூமில் நடத்தலாமா?

கரும்பலகை:
எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பேச்சு ஓடுகிறது. அடுத்த பருவத்திலிருந்து இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதத்தில் ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) தாளை முழுக்க இணையவழியிலேயே நடத்தலாமாம். வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். நான் கூடாது என்று சொல்லப் போகிறேன்.

2020-21இல் அதே தாளை ஜூமில் நடத்தியவன் நான். திரையில் 58 கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். "புரிந்ததா?" என்று கேட்டால் நான்கு பேர் "எஸ் சார்" என்று தட்டுவார்கள், அவ்வளவுதான். சார்பின் தொடர்ச்சிக்கான வரையறையில் முதலில் எப்சிலான் என்ற சிறு எண்ணைக் கொடுக்க வேண்டும், அதற்கேற்ற டெல்டா என்ற இன்னோர் எண்ணைத் தேட வேண்டும். பாதிப் பேர் இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொள்வார்கள். வகுப்பறையில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பேனா நின்றாலே எந்த வரியில் வழுக்கினார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். கறுப்புக் கட்டத்தில் எந்தப் பேனாவைப் பார்ப்பது?

பழைய மாணவி:
சார், அந்தக் கறுப்புக் கட்டங்களில் ஒன்றுக்குப் பின்னால் இருந்தவள் நான். வேறு கல்லூரி, அதே வருடம். கேமராவை ஏன் போடவில்லை என்று சொல்கிறேன். ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். எனக்குப் பின்னால் பாட்டி படுத்திருப்பார். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு தினமும் 2 ஜிபி டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது, எனக்கும் அந்த சிம் கிடைத்தது. ஆனால் வீடியோவோடு வகுப்பு பார்த்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு நான் இணையவழிக்குத்தான் வாக்களிப்பேன். சீரான ஒருங்கல் (யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்) என்ற பாடப் பகுதியை நான் புரிந்துகொண்டது ஆசிரியர் போட்ட பதிவை நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகுதான். அப்புறம், பள்ளியிலிருந்து நான் எந்த வகுப்பிலும் கை தூக்கியதே இல்லை. என் வாழ்நாளில் ஆசிரியரிடம் கேட்ட முதல் கேள்வி, அவருக்கு மட்டும் தெரியும்படி சாட்டில் தட்டியதுதான். வகுப்பறை எல்லோருக்கும் வாய் கொடுக்கிறது என்று நினைக்காதீர்கள்.

கரும்பலகை:
நீங்கள் சொல்வது என்னைச் சுடுகிறது அம்மா. பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேர் கை தூக்காமலே போயிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். ஆனாலும் உங்கள் கேள்வி உங்கள் வகுப்பில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லையே. ஒருத்தியின் சந்தேகம்தான் வகுப்பையே உட்கார வைத்துத் திரும்ப யோசிக்க வைக்கும். இன்னொன்று, அந்த வருடம் உள்மதிப்பீட்டுத் தேர்வில் நான்கு விடைத்தாள்களில் ஒரே இடத்தில் ஒரே கூட்டல் பிழை. அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?

வார இறுதி மாணவன்:
கோவிட் காலத்தில் நடந்ததை வைத்து இணையவழிக் கல்வியை அளப்பது சரியில்லை. வகுப்பறையை அப்படியே தூக்கிக் கேமரா முன் வைத்தோம், அதுவும் அவசரத்தில். முறையாகத் திட்டமிட்டால் வேறு மாதிரி இருக்கும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் 2003இலிருந்து இருக்கிறது. அதில் 12 வாரப் பாடம் என்றால் வாராவாரம் சிறு சிறு வீடியோக்கள், வாராவாரம் பயிற்சி. தேர்வை மட்டும் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பயிற்சிக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. நான் வேலை பார்த்துக்கொண்டே சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். பட்டம் படிக்கிறேன். அங்கும் பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். உங்கள் கூட்டல் பிழைக்கு அங்கே இடமே இல்லை. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்க 2021இல் யுஜிசியே (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்துவிட்டது. காலம் அங்கேதான் போகிறது.

கரும்பலகை:
என்பிடெல் பாடங்களில் பதிவு செய்பவர்களில் சிறு பகுதியினர்தான் தேர்வு வரை வருகிறார்கள். நீங்கள் சம்பளத்தில் பணம் கட்டி, தூக்கத்தை விட்டுப் படிப்பவர். என் மாணவனுக்கு 18 வயது, வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள். அவனை மேசை முன் உட்கார வைப்பதே பாதிப் பாடம்.

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே 2020இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக ஜூம் விரிவுரைக்குத் தரவுக் கட்டணம் இல்லாமல் செய்தார்கள். இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்பும் எங்களைத் தொடவில்லை. கருவியைப் பற்றிப் பேசுமுன் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று முதலில் பார்த்தார்கள், அதை நான் இன்றும் மெச்சுகிறேன். பிறகு 2022 வந்தது. எரிபொருள் இல்லாததால் மீண்டும் இணையவழி. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. என் மாணவர்கள் கைப்பேசியில் எத்தனை விழுக்காடு சார்ஜ் மிச்சம் என்று சாட்டில் எழுதிவிட்டுத்தான் விரிவுரைக்குள் வருவார்கள். நான் வீடியோவை விட்டுவிட்டேன். 15 நிமிடக் குரல் பதிவும் கையால் எழுதிய குறிப்பின் படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அதுதான் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

கருவியை நம்பி எல்லாவற்றையும் அதிலேயே வைக்கவும் கூடாது. இரண்டு வருடம் கூகுளின் இணைய வெள்ளைப்பலகையான ஜாம்போர்டில் போட்ட பலகைகள் என்னிடம் இருந்தன. 2024 டிசம்பர் 31உடன் கூகுள் அதை மூடிவிட்டது.

கௌரவ விரிவுரையாளர்:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதிவு செய்த பாடம் யாருக்குச் சொந்தம்? என் பணியை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க என் குரலில் பதிவு இருந்தால், அடுத்த வருடம் "வீடியோதான் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? பழைய மாணவி நான்கு முறை பார்த்த அந்த வீடியோ எனக்கும் பிடிக்கும். எழுத்தில் ஓர் உறுதி இல்லாமல் நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்த மாட்டேன்.

பழைய மாணவி:
இதை நான் யோசிக்கவே இல்லை. என் பக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. வீட்டிலிருந்து படித்த அந்த வருடம், பதினொரு மணி வகுப்பின்போது நான் ஒரு காதில் ஹெட்செட்டோடு அரிசி களைந்துகொண்டிருந்தேன். தம்பியை யாரும் கூப்பிடவில்லை. ஒரு தாள் இணையவழிக்குப் போனால் அந்த நேரம் சில பெண்களுக்கு அடுக்களைக்குத்தான் போகும். ஆகவே வகுப்பைக் கல்லூரியிலேயே வையுங்கள், பதிவை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள் என்று மாற்றிச் சொல்கிறேன்.

வார இறுதி மாணவன்:
நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். கல்லூரி வாசலுக்கே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள், பகலில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு முழு இணையவழி ஒன்றுதான் கதவு.

கரும்பலகை:
அவர்களுக்கு அந்தக் கதவு வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. என் வகுப்பில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்துவிட்டவர்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இரண்டு கேள்வி வைக்கப் போகிறேன். டேட்டாவுக்கு யார் பணம் கட்டுவது? பதிவைப் பயன்படுத்த ஆசிரியரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவார்களா? கூட்டம் முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இன்னொன்று, நாளை முதல் என் மேசையில் ஒரு பெட்டி வைக்கிறேன். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம். அடுத்த நாள் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் பாடம்.