வீட்டில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன கொடுப்பது?

புதுவைக்காரி:
நியூயார்க் பிராங்க்ஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். நான் கற்றது புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையத்தில். இந்த வருடம் தொடக்க வகுப்பில் செனகல், கினியா, ஹைத்தி குடும்பத்துப் பிள்ளைகள் 4 பேர். மற்றவர்கள் 'போன்ழூர்' பழகும்போது இவர்களில் மூவர் மடமடவென்று பேசுகிறார்கள். எழுதச் சொன்னால்தான் திணறல். பேச, பேசிய, பேசுங்கள் மூன்றுக்கும் 'பார்லே' என்று ஒரே ஒலி, எழுத்து மட்டும் வேறு.

போன மாதம் செனகல் பையன் பெட்ரோல் பங்க்கை 'எஸான்ஸ்ரி' என்று எழுதினான். பிரான்ஸில் 'ஸ்தாசியோன் செர்வீஸ்' என்பார்கள், அதனால் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அது செனகலில் புழங்கும் சரியான சொல் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் கை தூக்குவதில்லை. மனது உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

பழைய வாத்தியார்:
தொடக்கப் பாடத்திலிருந்து அவர்களை முதலில் விடுவியுங்கள் அம்மா. பேச்சை ஒரு தடவை, எழுத்தை ஒரு தடவை தனித்தனியாகச் சோதியுங்கள். 'பார்லே' குழப்பத்துக்கு பிரான்ஸ் பள்ளிகளின் பழைய வழி ஒன்று உண்டு: அந்த இடத்தில் விற்பது என்ற வினையை வைத்துப் பார்ப்பது. 'வாந்த்ர்' (விற்க) பொருந்தினால் 'பேச' என்பதை எழுதும் முறை, 'வாந்த்யூ' (விற்ற) பொருந்தினால் 'பேசிய' என்பதை எழுதும் முறை. புதிதாகக் கற்பவருக்கு இது உதவாது. இவர்களுக்கோ காதே சொல்லிவிடும். அந்தக் காதுதான் அவர்கள் சொத்து, பாடத்தை அதன் மேல் கட்டுங்கள்.

மாண்ட்ரியல் அக்கா:
ஹைத்திப் பிள்ளையிடம் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் ஹைத்தி மக்களின் மொழியான கிரியோலாக இருக்கும். 1987 அரசியல் சட்டப்படி அங்கே கிரியோல், பிரெஞ்சு இரண்டும் ஆட்சிமொழி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதே மாதிரி, கினியாப் பிள்ளைக்கு வீட்டில் அந்நாட்டு மொழியான புலாரும் பள்ளியில் பிரெஞ்சுமாக இருந்திருக்கலாம்.

பழைய வாத்தியார்:
இன்னொன்று. நியூயார்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்தோடு, ஆங்கிலமும் இன்னொரு மொழியும் நன்கு தெரிந்தவர்களுக்கு இருமொழித் தேர்ச்சி முத்திரை தருகிறார்கள். நால்வரையும் இப்போதே அதற்குத் தயார்செய்யுங்கள்.

புதுவைக்காரி:
நன்றி ஐயா, நன்றி அக்கா. நீங்கள் கேட்டது சரிதான், ஹைத்திப் பெண் வீட்டில் கிரியோல்தான். இன்று அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். பலகையில் இரண்டு சொற்களையும் எழுதி, எது எந்த ஊரில் என்று வகுப்புக்கு அவனையே சொல்லச் சொன்னேன். 10 நிமிடம் பேசினான். கடைசியில், டாக்காரில் அவன் மாமா வீட்டுப் பக்கத்து எஸான்ஸ்ரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்று ராத்திரி திருத்த வேண்டும், பென்சிலால்.