பழைய கல்லறைத் தோட்டத்தில் முன்னோர் கல்லறையைத் தேடும்போது: தேடிப் பழகியவர்கள் சொல்வது

புதருக்குள் இறங்கும் முன் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். நமக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு வருவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. குழி எண் இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து எண்களுக்கு உரிய பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேடுகிறவரின் கல் மண்ணுக்குள் போயிருக்கலாம், ஆனால் அந்த இருபதில் இரண்டு மூன்றாவது நின்றுகொண்டிருக்கும். 212 வேண்டுமென்றால் 209, 215 இரண்டும் கிடைத்தால் போதும், நடுவில் எண்ணிவிடலாம். ஒன்றே ஒன்று: எண் எல்லா வரிசையிலும் ஒரே பக்கமாக ஓடாது. ஏர் திரும்புகிற மாதிரி ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று போகிற இடங்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு கல்லை வைத்துச் சரிபார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

*

பதிவேட்டில் குழி எண்ணே இல்லாமல் தேதி மட்டும் இருந்தால்? அப்போது, இறந்த தேதி வரிசையிலேயே குழிகள் இருக்கும் என்ற கணக்குதான் துணை. ஆனால் குடும்பத்துக்கென்று முன்பே வாங்கிப்போட்ட இடம் என்றால் அந்தக் கணக்கு உதவாது. 1890இல் இறந்தவருக்குப் பக்கத்திலேயே 1930இல் இறந்த மனைவி இருப்பார். அதனால் கணவன், மனைவி, சின்ன வயதில் போன பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் சேர்த்தே தேடுங்கள். தலைமாட்டுக் கல் போய், முதலெழுத்து மட்டும் வெட்டிய சின்னக் கால்மாட்டுக் கல் மிஞ்சியிருக்கும். அதைக் குழந்தையின் கல்லறை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய.

*

கல் கிடைத்தும் எழுத்து தெரியவில்லையா? வெயில் கல்லின் முகத்தில் நேராக விழும் நேரத்தில் போயிருப்பீர்கள். வெளிச்சம் நேருக்கு நேர் விழுந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் விழ வேண்டும். ஒருவர் பெரிய கண்ணாடியால் வெயிலைத் திருப்ப, இன்னொருவர் படம் எடுக்கலாம். மரநிழல் என்றால் துணியைப் பிடித்து இருட்டாக்கி, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் வையுங்கள். செங்குத்துக் கோடுகள் பக்கத்து ஒளியில் எழும்பும், கிடைக்கோடுகளுக்கு மேலிருந்து வரும் ஒளி வேண்டும். அதனால் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள்.

சாக்பீஸ் தேய்ப்பது, ஷேவிங் நுரை பூசுவது, மாவு தடவுவது எதுவும் வேண்டாம். நுரையில் உள்ள அமிலப்பொருளும் கொழுப்பும் கல்லின் துளைகளில் தங்கிவிடும், மாவு பூஞ்சைக்குத் தீனி. பிளீச் ஊற்றினால் உப்பு உள்ளே இறங்கிப் படிகமாகி, பிறகு மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்க்கும். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், பாசியைச் சுரண்ட மூங்கில் குச்சி. கீழிருந்து மேலே கழுவிக்கொண்டு போனால் கறைக்கோடு விழாது. தட்டினால் உள்ளே வெற்றாக ஒலிக்கும் கல்லில் பிரஷ்கூட வைக்க வேண்டாம், படத்தோடு நிறுத்துங்கள்.

*

தமிழ்க் கல்வெட்டு என்றால் இன்னொரு சிக்கல். பழைய கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. துணைக்காலும் (ா) ‘ர’வும் ஒரே மாதிரி இருக்கும். ‘மரியமமரள’ என்று இருந்தால் அது மரியம்மாள். ‘ரரயபபன’ என்றால் ராயப்பன்.

ஆண்டு தமிழ் எண்ணில் இருந்தால் எழுத்து என்று நினைத்துவிடுவோம். ௧ ‘க’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருக்கும். ௧௮௭௪ என்றால் 1874. இதையே ௲௮௱௭௰௪ என்றும் வெட்டியிருப்பார்கள் (ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, நான்கு). தேய்ந்த கல்லில் ௧, ௪ இரண்டும் குழப்பும், சந்தேகம் வந்தால் பதிவேடுதான் நடுவர்.

‘பிரபவ௵ தை௴ ௰௨௳’ என்று பார்த்தால் பிரபவ வருஷம், தை மாதம், 12ஆம் நாள். இங்கே இரண்டு தடவை சறுக்கலாம். அறுபது வருஷச் சுழற்சி என்பதால் அது 1867இல் தொடங்கிய பிரபவவா, 1927இல் தொடங்கியதா என்பதைக் கல்லின் வேலைப்பாடும் பக்கத்துக் கல்லும்தான் சொல்லும். அடுத்தது, வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். 1867இல் தொடங்கிய பிரபவத்தின் தை 12 என்றால் 1868 ஜனவரி. பதிவேட்டில் 1867ஐப் புரட்டிவிட்டு இல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

*

கல்லே இல்லாத இடத்தில் தரையைப் பாருங்கள். பெட்டி மக்கி அமுங்கினால் ஏறக்குறைய ஆறடி நீளத்தில் பள்ளம் விழும். மழைக்கு அடுத்த நாள் தண்ணீர் தேங்கியிருப்பதில் அது பளிச்சென்று தெரியும். சுடுகாட்டு மல்லி (நித்தியகல்யாணி) பூத்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அது விதை விழுந்து எங்கும் பரவும். நிர்வாகத்தின் அனுமதி இருந்தால், முனை மழுங்கிய மெல்லிய கம்பியால் ஒரு சாண் ஆழம் வரை மெதுவாகக் குத்திப் பார்க்கலாம். ஒரே ஆழத்தில் நாலைந்து இடத்தில் தட்டினால் பலகைக்கல், ஓரிடத்தில் மட்டும் தட்டினால் சும்மா ஒரு கல் அல்லது வேர்.

*

புதருக்குத் தீ வைக்காதீர்கள், சூட்டில் சலவைக்கல் வெடிக்கும். கல்லைப் பற்றியிருக்கும் வேரைப் பிடுங்கவும் கூடாது, பல கல் அதன் பிடியில்தான் நிற்கிறது. செடியைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை அப்படியே விடுங்கள். 120 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனம் உள்ள சலவைக்கல் கிட்டத்தட்ட 200 கிலோ. சாய்ந்த கல்லில் கை ஊன்றவோ, அதன் பக்கத்தில் பிள்ளைகளை விடவோ கூடாது.

கிடைத்த இடத்தைக் குறிக்க ஃபோன் ஜிபிஎஸ் மட்டும் போதாது. ஐந்து மீட்டர் பிசகினால் நாலு கல்லறை தள்ளிப் போய்விடும். மதில் மூலை, வாசல் தூண் என்று அசையாத இரண்டு இடத்திலிருந்து டேப் பிடித்து, இரண்டு அளவையும் பதிவேட்டு நகலின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள்.